விடைபெறாத பொருள்கள்

புழக்கம் ஒழிந்த வீட்டுப் பொருள் ஒன்றைத் துடைத்து, அறுத்து, இணைத்து, சுவரில் மாட்டும் அலங்காரமாகவோ நினைவுக்காகப் பேணும் பொருளாகவோ மாற்றும் கைவேலை இன்று நகர வீடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. இதனை ரசனை என்றோ சிக்கனம் என்றோ கருதிக் கடந்துபோவதே வழக்கம். ஆயினும் அப்பழம்பொருள் வழிபாட்டிலும் மங்கலச் சடங்குகளிலும் ஒரு குடும்பத்தின் பிறப்பு இறப்புகளிலும் பங்குகொண்டதாக இருக்கும்போது, அதன்மீது வைக்கப்படும் உளி சமயத்தையும் தத்துவத்தையும் சார்ந்த கேள்வி ஒன்றை எழுப்புகிறது. வழிபடப்பட்ட பொருளின் புனிதம் அப்பொருளிலேயே தங்கியிருக்கிறதா, அல்லது அதைப் போற்றியவர்களின் மனத்தில் மட்டும் இருந்ததா, பயன் முடிந்தபின் அப்புனிதத்தை விடுவித்துப் பொருளை வெறும் பொருளாக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பனவே அக்கேள்வியின் கூறுகள்.

இவற்றை ஆராய்வதற்குக் காரைக்குடியைப் போலப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் அரிது. அங்குள்ள முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், செதுக்குவேலை நிறைந்த நிலைகள், பித்தளை அண்டாக்கள், வெண்கல உருளிகள், ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த எனாமல் அடுக்குகள், மரக்கால், படி, அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி, ரசம் உதிர்ந்த கண்ணாடிகள் முதலியன ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. செட்டிநாட்டு நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய கொடுக்கல் வாங்கலின் வருவாயைக் கொண்டு எழுப்பிய பெருவீடுகளே இவற்றின் பிறப்பிடமாகும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும், விடுதலைக்குப் பின் அந்நாட்டில் நிலங்கள் நாட்டுடைமையானதும் அவ்வருவாயை அறுத்தன. ஒரு வீட்டுக்கு அதன் ஆண் வாரிசுகள் அனைவரும் பங்காளிகள் என்னும் முறையினால், தலைமுறை தோறும் பங்கு சிறுத்து, ஓடு மாற்றும் செலவைக்கூட ஏற்பார் இல்லாத நிலை உண்டாகி, வீட்டை இடித்துத் தூண் வேறு நிலை வேறு எனப் பிரித்து விற்பதே பங்காளிகள் எல்லாரும் ஒப்பும் தீர்வாகப் பல இடங்களில் அமைந்தது. ஆகவே அத்தெருவில் ஒரு மரத்துண்டை வாங்குபவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு பாகப்பிரிவினையின் எச்சத்தை வாங்குகிறார்.

வாங்கப்பட்டவை அடையும் வடிவங்கள் பல. சன்னல் சட்டகம் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகிறது; போதிகை, அதாவது தூணின் தலைமேல் நின்று உத்தரத்தைத் தாங்கிய செதுக்குக் கட்டை, புத்தகத் தட்டைத் தாங்கும் முட்டாகிறது; அஞ்சறைப்பெட்டியின் குழிகளில் கடுகும் வெந்தயமும் இருந்த இடத்தில் குழந்தையின் முதல் கொலுசும் செல்லாக் காசுகளும் குடியேறுகின்றன; உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடப்படுகிறது; கிழிந்த பட்டுச் சேலையின் கரை மட்டும் வெட்டியெடுக்கப்பட்டுச் சட்டத்துக்குள் அடைக்கப்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை எந்த மனத்தையும் உறுத்துவதில்லை. நெல் அளந்த மரக்கால் துளசிச் செடியைத் தாங்குவதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. உறுத்தல் தோன்றும் இடம் நிலை ஆகும்.

நிலை என்பது வாசற்கதவைத் தாங்கும் மரச்சட்டகம் மட்டுமன்று. தமிழகத்தில் வீடு கட்டும் பணியில் தனியாக நாள் பார்த்துச் செய்யப்படும் சடங்குகளுள் நிலை வைத்தலும் ஒன்று. அன்று நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் நாணயமும் வைத்து, சுமங்கலிகள் சூழ அது நிறுத்தப்படுகிறது. அதன்பின் வெள்ளிதோறும் அதற்கு மஞ்சள் பூசப்படுகிறது. அதன் கீழ்க்கட்டையை யாரும் மிதிப்பதில்லை. நிலையில் நின்றுகொண்டு பொருள் கொடுப்பதோ வாங்குவதோ இல்லை. செட்டிநாட்டு வாசல்களில் நிலையின் மேற்பகுதியில் இருபுறமும் யானைகள் நீர் சொரிய நடுவில் அமர்ந்த கஜலட்சுமியின் உருவம் செதுக்கப்பட்டிருப்பது வழக்கம். அவ்வீட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு மணமகளும் அவ்வுருவத்தின் கீழேதான் நுழைந்தாள், அவ்வீட்டிலிருந்து இறுதியாகச் சென்ற ஒவ்வொருவரும் அதன் கீழேதான் சுமந்து செல்லப்பட்டார். அத்தகைய நிலை பெயர்க்கப்பட்டு, நான்கு கால்கள் பொருத்தப்பட்டு, மேலே கண்ணாடி பதித்துத் தேநீர்க் கோப்பை வைக்கும் மேசையாகும்போது, நிறுத்துவதற்குச் சடங்கு இருந்த பொருளை எடுப்பதற்குச் சடங்கு இருந்ததா என்னும் கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இந்திய மரபு இத்தகைய கேள்வியை வேறு இரண்டு இடங்களில் எதிர்கொண்டு விடை கண்டிருக்கிறது. முதலாவது, மரம் வெட்டப்படும் இடம். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில், திருவுருவம் செய்வதற்கு மரம் தேடிக் காட்டுக்குள் செல்லும் முறையைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. தச்சர் தேர்ந்த மரத்துக்கு இரவில் பலியிட்டு, அதில் வாழும் உயிர்களையும் தேவதைகளையும் நோக்கி, இவ்வழிபாட்டை ஏற்று வேறோர் இருப்பிடத்துக்குச் செல்லுமாறு வேண்டி, மறுநாள் காலையில்தான் அதனை வெட்டவேண்டும் என அந்நூல் விதிக்கிறது. இரண்டாவது, கோயில் திருப்பணி. பழுதுற்ற கருவறையைப் புதுப்பிக்கும் பணி சீரணோத்தாரணம் எனப்படும். அதைத் தொடங்குமுன் மூர்த்தியில் விளங்கும் இறையாற்றல் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் நீர் நிறைந்த கும்பத்துக்குள் ஈர்க்கப்பட்டு, அத்திப்பலகை முதலியவற்றில் எழுதிய உருவத்தில் நிலைபெறச் செய்யப்படுகிறது. பணி முடியும்வரை வழிபாடு அங்கேயே நடைபெறும் அவ்வேற்பாடு பாலாலயம் எனப்படும். ஆற்றல் நீங்கிய பின்னரே கல்லின்மீது கருவி படலாம் என்பதே இதன் உட்கருத்து. காட்டில் நிற்கும் மரத்துக்கும் கருவறையில் நிற்கும் திருமேனிக்கும் விடைபெறும் முறை ஒன்று இருக்க, இரண்டுக்கும் இடையில் நூறாண்டு நின்று ஒரு குடும்பத்தைத் தாங்கிய வீட்டு நிலைக்கு அதற்கு இணையான முறை எதுவும் பரவலாக வழங்கவில்லை என்பது கருதத்தக்கது. வீடு பிரித்து விற்கப்படும் என்பதை மரபு எதிர்பார்க்கவில்லை போலும். நிலை வீட்டோடு மடியும் என்றே அது கருதியிருக்க வேண்டும்.

மேசையாகிய நிலை இன்னும் நிலைதானா என்பது அடுத்த வினா. ஒரு காரியம், அதாவது விளைபொருள், தன் காரணத்தோடு எவ்வகையில் தொடர்புடையது என்பது குறித்து இந்தியத் தத்துவங்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றன. நியாய நூலார், முன்பு இல்லாத ஒன்றே புதிதாகத் தோன்றுகிறது என்னும் ஆரம்பவாதத்தைக் கொண்டவர். குடம் உடைந்தால் அக்குடத்தின் இன்மை அன்று தொடங்கி முடிவின்றி நீடிக்கிறது என்றும், அதற்கு அழிவுபாட்டின்மை என்று பெயர் என்றும் அவர்கள் கூறுவர். இதன்படி நிலை அறுபட்ட நாளில் நிலை என்றென்றைக்குமாக அழிந்தது. மேசை முற்றிலும் புதியது. முன்னதன் புனிதம் பின்னதை அடைய வழியில்லை. சைவ சித்தாந்தமோ, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் தொடங்கி, இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதத்தை உடன்படுகிறது. அழிவு என்பது நுண்ணிலைக்கு ஒடுங்குதலே ஆதலால், மரத்தில் நிலை அடங்கியிருந்ததுபோல மேசையிலும் அது ஒருவகையில் அடங்கியே இருக்கும். பௌத்தத்தின் மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனத் தேரர், சக்கரமும் அச்சும் நுகமும் தனித்தனியே தேர் ஆகா, அவற்றின் கூட்டத்துக்கு வழங்கும் பெயரே தேர் என்று அரசனுக்கு விளக்குவது நன்கு அறியப்பட்டது. அந்நோக்கில் வீடு என்பதும் தூண், நிலை, ஓடு ஆகியவற்றின் கூட்டத்துக்கு இட்ட பெயரே ஆதலால், அது கலைந்ததற்கு வருந்த இடமில்லை.

இம்மூன்று விடைகளும் ஒரே தச்சுப் பட்டறையில் சோதனைக்கு உள்ளாகின்றன என்பதே இக்கைவேலையின் தத்துவச் சிறப்பு. நிலையை இழைத்துப் பலகைகளாக்கி அதன் வடிவம் புலப்படாதவாறு செய்யும்போது நியாய நூலாரின் கூற்றே பொருந்துவதாகத் தோன்றுகிறது. அதே நிலையை நிமிர்ந்தபடியே நிறுத்தி, கதவு இருந்த இடத்தில் கண்ணாடி பதித்து, மேலிருந்த திருமகள் மேலேயே இருக்கும்படி அமைக்கும்போது சற்காரியவாதத்தை மறுப்பது எளிதன்று. காரணத்தில் உள்ளது காரியத்தில் தொடருமா என்பது பொருளின் இயல்பை மட்டும் பொறுத்ததாக நூல்கள் பேசுகின்றன. பழம்பொருளைப் பொறுத்தவரை, அது கைவினைஞரின் தீர்மானத்தையும் பொறுத்திருக்கிறது. அவருடைய உளி எந்தத் தத்துவத்தை மெய்ப்பிக்கும் என்பதை அவரே தேர்ந்துகொள்கிறார்.

தூய்மை பற்றிய சிக்கல் இதைவிட ஆழமானது. தர்ம சாத்திரங்களில் திரவிய சுத்தி என்னும் தலைப்பில், தீட்டுப்பட்ட பொருள்களைத் தூய்மையாக்கும் முறைகள் கூறப்படுகின்றன. மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், செம்பு பித்தளை முதலியவற்றைக் காரத்தாலும் புளிப்பாலும் நீராலும், மரப்பொருளை இழைத்தலாலும், மட்கலத்தை மீண்டும் சுடுதலாலும் தூய்மை செய்யலாம் என்கிறது. பொருளின்மேல் படிந்த பிறர் தொடர்பை அகற்றுவதே தூய்மை என்னும் கருத்து இவ்விதிகளின் அடிப்படையில் உள்ளது: புளி தேய்த்தபின் சொம்பு யாருடைய சொம்பாகவும் இருந்ததில்லை, இழைத்தபின் மரம் யார் கையும் படாத மரம். பழம்பொருள் ரசனை இதற்கு நேர் எதிரானது. நூறாண்டுக் கைகள் தொட்டுத் தொட்டுக் கறுத்த கதவுப்பிடியையும், எண்ணெய் ஊறிய விளக்குத்தண்டையும், எறும்பு மொய்த்த சுவடுள்ள மாவுப் பலகையையும் அது அவ்வாறே விரும்புகிறது. இழைப்புளி பட்டால் பொருளின் மதிப்புப் போயிற்று என்று வருந்துகிறது. சாத்திரம் எதை அழுக்கு என்று நீக்கச் சொன்னதோ, அதையே இந்த ரசனை விலை கொடுத்து வாங்குகிறது.

இம்முரண்பாடு சைவ சித்தாந்தத்தின் புகழ்பெற்ற உவமை ஒன்றைத் தொடுகிறது. உயிரோடு தொடக்கமின்றியே கூடியுள்ள ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை அச்சமயம் உவமையாகக் கூறும். களிம்பு செம்பின்மேல் பின்னர் வந்து படிந்ததன்று, அதனோடே பிறந்தது, இரசகுளிகையின், அதாவது இரசவாதத்தில் வழங்கும் பாதரச உருண்டையின், பரிசத்தால் செம்பு பொன்னாகும்போதே அது வலியிழக்கும் என்பர். பழஞ்செம்பின் பச்சைக் களிம்பை அழகென்று போற்றும் ஒருவர், இவ்வுவமையைக் கேட்டு வளர்ந்தவராயின், மலத்தைப் போற்றுகிறோமோ என ஐயுறுவது பொருந்தும். ஆனால் இங்கு இரண்டு வகைக் கறைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று காற்றும் ஈரமும் உலோகத்தைத் தின்பதால் உண்டாகும் பச்சைப் படிவு. அது உணவில் கலந்தால் நஞ்சாகும் என்பதனாலேயே சமையற் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசப்பட்டது. மற்றொன்று, மனிதக் கைகளின் தொடர்ந்த தீண்டலால் விளிம்புகள் மழுங்கி, நிறம் ஆழ்ந்து, பரப்பு வழவழப்புற்ற தன்மை. முதலாவது புறக்கணிப்பின் அடையாளம், இரண்டாவது பேணுதலின் அடையாளம். புறக்கணிப்பைத் துடைத்துப் பேணுதலை விட்டுவைப்பதே நல்ல கைவேலை. சாம்பலும் புளியும் எவ்வளவு, மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் எவ்வளவு என்பன அப்போது வெறும் தொழில்நுட்பக் கேள்விகளாக இருப்பதில்லை. அத்தீண்டலின் காலமின்றியே அதன் தோற்றத்தை உண்டாக்கும் பொருட்டுப் புதுப்பலகையைச் சங்கிலியால் அடித்து அமிலம் தடவுவது ஒரு பொய்ச்சான்று என்பதைத் தவிர அதைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பொருள் சடம், அதாவது அறிவற்றது. அறிவற்ற ஒன்றினிடம் கடமை எவ்வாறு தோன்றும் என்று வினவலாம். சித்தாந்தம் இவ்வினாவுக்குக் கூர்மையான விடையைத் தன்னுள் கொண்டுள்ளது. உடல், மனம் முதலிய கருவிகள், உலகம், அவ்வுலகில் நுகரப்படும் பொருள்கள் ஆகிய தனு கரண புவன போகங்கள் நான்கும் மாயையிலிருந்து உயிர்களுக்காகவே தோற்றுவிக்கப்பட்டன என்றும், அவற்றின் வழியே வினையை நுகர்ந்து உயிர் பக்குவம் அடைகிறது என்றும் அது கூறும். அவ்வாறாயின் ஒரு சொம்பு சொம்பின் பொருட்டு மதிக்கப்படுவதில்லை. அதன் வழியே பக்குவப்பட்ட உயிர்களின் பொருட்டு மதிக்கப்படுகிறது. கடமை பொருளிடம் அன்று, அதைப் புழங்கியவர்களிடம்.

இக்கடமை மிகத் தெளிவாகப் புலப்படுவது பாத்திரங்களில் பொறித்த பெயர்களில்தான். தமிழ் வீடுகளில் மகளுக்குச் சீராகக் கொடுக்கும் பித்தளை, வெண்கல, எவர்சில்வர்ப் பாத்திரங்களில் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயரையோ தலைப்பெழுத்துகளையோ வெட்டுவது வழக்கம்; செட்டிநாட்டில் சீர்ச் சாமான்கள் வரிசை வரிசையாகப் பரப்பிக் காட்டப்பட்டு, எண்ணிப் பட்டியலிடப்பட்டன. பழம்பொருள் கடையில் இருக்கும் அண்டாவின் விளிம்பில் அத்தகைய எழுத்துகள் இன்னும் உள்ளன. கல்வெட்டில் இடம்பெறாத, சொத்துப் பத்திரங்களில் அரிதாகவே பெயர் காணப்பட்ட பெண் ஒருத்தி, தனக்கு உரியது என்று உலகம் ஒப்புக்கொண்ட பொருள்களின்மேல் மட்டும் எழுத்தாக நிலைத்திருக்கிறாள். அண்டாவைச் செடித்தொட்டியாக்குபவர் மெருகு ஏற்றும் சக்கரத்தில் அதனைப் பிடிக்கும்போது முதலில் தேய்ந்து மறைவது அந்த ஆழமற்ற புள்ளிகளே. அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி மறைக்காமல், தேய்க்காமல், காண்பவர் கண்ணில் படும்படி வைப்பதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஆயினும் பொருளைத் தனதாக்கிக்கொள்பவர் அதற்கு முன்னரே உரியவர் ஒருவர் இருந்தார் என்று ஒப்புக்கொள்ளும் செயல் அது. வராகமிகிரரின் தச்சர் மரத்தின்முன் இரவில் நின்று சொன்னதற்கு மிக நெருங்கியது இதுவே.

பிறர் பயன்படுத்தியதை ஏற்பது பற்றித் தமிழ்ச் சமயங்களே இருவேறு மனநிலைகளைப் பேணி வந்துள்ளன. சிவன் கோயிலில் இறைவனுக்குச் சாத்திக் களைந்த மாலை முதலியன நிர்மாலியம் எனப்பட்டுச் சண்டேசுவரருக்கு உரியன ஆகின்றன. அவர் சந்நிதியில் அடியார்கள் கைகளைத் தட்டி, கோயிலின் பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று காட்டுவதாகக் கருதப்படும் வழக்கம் இன்றும் உள்ளது. வைணவத்திலோ, ஆண்டாள் தான் சூடிய மாலையையே இறைவனுக்கு அளித்தாள் என்னும் வரலாறு போற்றப்படுகிறது. பெருமாள் உடுத்துக் களைந்ததையும் சூடிக் களைந்ததையும் ஏற்பது அடியார்க்குப் பேறாகிறது. முதலாவது, முடிந்த உரிமையையும் மதித்து விலகி நிற்கக் கற்பிக்கிறது. இரண்டாவது, அன்பு படிந்ததனாலேயே பொருள் உயர்கிறது எனக் கற்பிக்கிறது. பழம்பொருளில் வேலை செய்யும் கைக்கு இவ்விரண்டு கல்வியும் தேவைப்படுகின்றன. தன் பாட்டியின் சேலைக்கரையைச் சட்டமிடுபவருக்கு வைணவ மனநிலை தானாகவே வருகிறது. அறியாத குடும்பத்தின் பூசையறைக் கதவை வாங்குபவருக்குச் சண்டேசுவரர் சந்நிதியின் ஒழுக்கமே முதலில் வேண்டப்படுகிறது.

மறுபுறம் போகி இருக்கிறது. பொங்கலுக்கு முந்திய நாளில் பழம்பாயும் முறமும் துடைப்பமும் கழிக்கப்படுகின்றன. உடைந்த கண்ணாடியும் விரிசல் கண்ட பாத்திரமும் வீட்டில் இருத்தல் ஆகாது என்னும் நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தது. பழையதை வைத்துக்கொள்வதே பற்று, பற்றே துன்பத்துக்கு வித்து என்று இதற்குத் துறவு நெறியின் ஆதரவையும் காட்டலாம். ஆனால் போகியில் கழிக்கப்பட்டவை பெரும்பாலும் ஓராண்டில் தேய்ந்து, எளிதில் மீண்டும் செய்துகொள்ளத்தக்க ஓலையும் மூங்கிலும் ஆனவை. அவற்றைப் பின்னிய கைகள் அக்கம்பக்கத்திலேயே இருந்தன. பர்மாத் தேக்கும் அதைச் செதுக்கிய தச்சர் வரிசையும் அவ்வாறு மீளக் கிடைப்பன அல்ல. மீட்க முடியாததை எரிப்பது பற்றின்மை ஆகாது.

கொழும்பில் பிறந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி (1877–1947), 1939இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பழைய நாகரிகங்களில் அணிவேலைப்பாடு என்பது பொருளின்மேல் மிகையாகச் சேர்த்த அழகு அன்று, பொருள் தன் செயலை முழுமையாகச் செய்வதற்கு வேண்டிய கூறே என்று வாதிட்டார். நிலையின்மேல் உள்ள கஜலட்சுமி இதற்குச் சிறந்த சான்று. அவ்வுருவம் வாசலை அழகுபடுத்துவதற்கு முன் வாசலை வாசலாக்கியது. இதனை ஒப்புக்கொண்டால், அதே உருவத்தை மேசையின் பக்கவாட்டில், காலணிகளின் உயரத்தில் வைப்பது எத்தகைய குறை என்பது விளங்கும்: தெய்வத்தை அவமதித்தல் என்பது ஒருபுறம் இருக்க, அணி தான் செய்த வேலையிலிருந்து துண்டிக்கப்பட்டு வெறும் அழகாகச் சுருங்குகிறது. அதை மீண்டும் ஒரு வாசலின்மேல், அது படுக்கையறை வாசலாயினும், பொருத்துபவர் அதற்குரிய வேலையைத் திருப்பித் தருகிறார்.

அணிக்கும் பயனுக்கும் இடையே குமாரசுவாமி கண்டு வருந்திய பிளவு எழாத கைவேலை ஒன்று தமிழ் வீடுகளில் முன்பே இருந்தது. 1894இல் மும்பையில் ஓவியர் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த தெய்வப் படங்களும் அவற்றைத் தொடர்ந்து வந்த பிற அச்சகங்களின் படங்களும் வீடுகளுக்கு வந்தபோது, பெண்கள் பலர் அவற்றை வந்தவாறே மாட்டவில்லை. கிழிந்த பட்டிலிருந்து வெட்டிய துண்டுகளால் சரசுவதிக்குச் சேலை உடுத்தி, பழைய சரிகையைக் கரையாக ஒட்டி, சமிக்கியும் மணியும் தைத்து, அதன்பின் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தனர். இயந்திரம் ஆயிரக்கணக்கில் பெருக்கிய தாள் அவ்வேலையினால் ஒரு வீட்டுக்கே உரிய திருவுருவமாயிற்று. அங்கே எஞ்சிய துணி, பழைய சரிகை, கைத்திறன், வழிபாடு ஆகிய நான்கும் ஒரே செயலில் கூடின. அலங்காரம் வேறு, பூசை வேறு, நினைவுப் பொருள் வேறு என்று அப்பெண்கள் பிரித்திருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் தெய்வத்துக்கு ஆடை உடுத்தலே கோயிலிலும் அலங்காரம் எனப்பட்டது. அத்தகைய படங்களும் இன்று காரைக்குடித் தெருவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றைச் செப்பனிடுபவர் உதிர்ந்த சமிக்கிக்குப் புதிய சமிக்கியைச் சேர்க்கலாம், ஏனெனில் முதலில் தைத்தவளும் அதையே செய்திருப்பாள். அச்சுத்தாளின் விலையைக் கருதித் துணியை உரிப்பதற்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை. சட்டத்தின் பின்பலகையில் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தது என எழுதி ஒட்டியபின், அதைக் கூடத்தில் மாட்டுவதா பூசையறையில் வைப்பதா என்பதை ஏற்கும் வீட்டார் முடிவு செய்துகொள்ளலாம்.